துவக்குப் பூட்டாத லொறி

உலகம் அழிந்த பிறகு என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டுக்காரர் என்னுடைய கதிரையில் காலை மடித்துக் குந்திக்கொண்டு, என்னுடைய கொம்பியூட்டரில் லொறி ஓடுவார். கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் ஓடுவார். நான் பின்னால் நின்று கத்திக்கொண்டிருப்பேன். அந்த அழிந்த உலகத்தில் இதற்குமேல் ஒன்றும் நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அப்போது நாங்கள் தீவில், தோட்டவெளியில் இருந்தோம். யுத்தம் ஒரு நாள் கிட்ட வந்து ஒரு நாள் எட்டப் போய்க்கொண்டிருந்த காலம். கடலுக்குப் போகத் தடை, தீவை விட்டுப் பாலம் தாண்டப் பாஸ், மண்ணெண்ணெய்க்குச் சங்கக்கடையில் வரிசை. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கு வீட்டில் ரைப்பிங் வேலை. கலியாண அழைப்பிதழ், ஞானஸ்நான அட்டை, பள்ளிக்கூடங்களின் தவணைப் பரீட்சை வினாத்தாள், முப்பத்தோராம் நாள் நினைவு அட்டை எல்லாம் என் கொம்பியூட்டரில்தான் உருவாகும். நினைவு அட்டை வேலைதான் அந்த நாட்களில் அதிகம். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த வேலையால். ஆகவே கரண்ட் வந்த சத்தம் கேட்டவுடன் நான் அடுப்படியில் இருந்து ஓடி வருவேன். வந்து பார்த்தால் கதிரையில் மனுசன் இருப்பார்.

இந்தச் சனியனை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் கொம்பியூட்டர் திருத்துகிறவர். ஒரு தரம் மெஷின் பழுதாகிவிட்டது என்று கூப்பிட்டேன். திருத்தி முடித்து, சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, அந்த நன்றிக்காகவோ என்னவோ பையில் இருந்து ஒரு சீடியை எடுத்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

"அண்ணை, இது லொறி ஓடுற கேம். உங்களுக்கெண்டே செய்த மாதிரிக் கிடக்கு."

கேமின் கதை இதுதான். பெரிய யுத்தம் ஒன்று வந்து உலகம் அழிந்துபோய்விட்டது. எங்கு பார்த்தாலும் மணல், முள்ளுப் பற்றை, உடைந்த வீடுகள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில ஊர்கள் மிச்சம். எண்ணெய் கிடையாது. ஒவ்வொரு சந்தியிலும் சுடத் தயாராகத் துவக்கோடு ஆட்கள். ரோட்டில் வருகிற வாகனம் யாருடையது என்று தெரியாது. நீங்கள் ஒரு லொறியில் துவக்குகளைப் பூட்டிக்கொண்டு, எதிரே வருகிற வாகனங்களை எல்லாம் அடித்து நொறுக்கி, இஷ்டப்பட்ட பக்கம் போகலாம். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எங்கேயோ தூரதேசத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு யாரோ இருந்து கற்பனை பண்ணியிருக்கிறார்கள். அன்று காலையில்தான் நான் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வெயிலில் நின்றுவிட்டு வந்திருந்தேன். இஷ்டப்பட்ட பக்கம் போகலாம் என்ற ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் எங்கள் வாசலிலேயே இருந்தது.

"இதைப் பார்க்கவோ இவ்வளவு கரண்டைச் செலவழிக்கிறியள்? வெளியில போய் நில்லுங்கோவன், சும்மா பார்க்கலாம்" என்றேன்.

"வெளியில ஓடேலாதே" என்றார்.

அது பொய். அவருக்கு ஓடலாம். அவருடைய லொறி வெளியில் வேப்பமரத்துக்குக் கீழேதான் நின்றது. ஒரு குறையும் இல்லாத லொறி. கட்டுக்கரைப் பக்கத்து வயல்களில் இருந்து நெல் ஏற்றிக்கொண்டு தீவுக்கு வருவதும், இங்கிருந்து கருவாட்டு மூட்டையோடு போவதும் அவர் தொழில். பாலத்தைப் பூட்டும்போது எல்லாருடைய லொறியும் நிற்கும். திறந்தவுடன் எல்லாருடைய லொறியும் ஓடும். இவருடையது மட்டும் பத்து மாதமாக நின்ற இடத்திலேயே நின்றது. கேட்டால் கிளச் பிளேற் சரியில்லை என்பார்.

கிளச் பிளேற்றில் ஒன்றுமில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். நடந்தது வேறு.

அந்தக் காலத்தில் பொழுதுபட்ட பிறகு ஆமி காவல் நிற்கிற சென்றியை நெருங்குகிற எந்த வாகனத்துக்கும் ஒரு முறை இருந்தது. முன் லைற்றைத் தணிக்க வேண்டும். உள் லைற்றைப் போட வேண்டும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஆமிக்காரனுக்கு முகம் தெரிய வேண்டும். பிறகு ஊர்ந்து போய், கோட்டில் நிற்பாட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்க வேண்டும். எங்கள் சாரதிமார் இதைப் பிள்ளைகள் சிலுவை அடையாளம் போடப் பழகுகிறது போலப் பழகிவைத்திருந்தார்கள். அன்றைக்கு இவர் நெல்லோடு வரும்போது வழியில் ரயர் காற்றுப் போய், மாற்றிப் பூட்டிக்கொண்டு பாலத்தடிக்கு வர பொழுதுபட்டு மைம்மலாகிவிட்டது. லைற்றைத் தணித்தார். உள் லைற் சுவிச்சைத் தட்டினார். லைற் எரியவில்லை. வயர் எங்கேயோ கழன்றிருந்தது. திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்திருக்கிறார். இருட்டான ஒரு லொறி முகமில்லாமல் தன் பக்கம் வருவதைக் கண்டு சென்றியில் நின்றவன் சுட்டுவிட்டான்.

ஒரே ஒரு வெடி. முன் கண்ணாடியில் இடது பக்கமாகப் புகுந்து, பக்கத்து சீற்றின் முதுகைத் துளைத்துக்கொண்டு போனது. அந்த சீற்றில் எப்போதும் கிளீனர் இருப்பார். அன்று அவருடைய சகோதரியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று லீவு எடுத்திருந்தார். இவருக்கு ஒரு கீறலும் இல்லை. கையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, முழங்காலில் இருந்தார்; விசாரித்துவிட்டு, போக விட்டார்கள். லொறியை வீட்டுக்குக் கொண்டுவந்து வேப்பமரத்துக்குக் கீழே விட்டார். அந்தக் கிழமையே உள் லைற் வயரைப் புதிதாக மாற்றினார். கண்ணாடித் துளையில் மடு மாதாவின் வட்ட ஸ்ரிக்கர் ஒன்றை ஒட்டினார். சீற்றை மட்டும் தொடவில்லை. துளைக்குள்ளால் தும்பு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் லொறியைக் கழுவுவார். எஞ்சினை ஸ்ராட் செய்து, சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பார். பிறகு அணைத்துவிட்டு, கியரில் போட்டு, சில்லுக்குக் கல் வைத்துவிட்டு வந்துவிடுவார். ஒரு அடிகூட ஓடவில்லை. லொறிக்குக் கீழே நிழல் நிரந்தரமாகக் கிடைத்ததால் ஊர்க் கழுதை ஒன்று அங்கேயே குடிவந்துவிட்டது. அதன் விட்டையை அள்ளுவதும் என் தலையில் விழுந்தது.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். இந்த மனுசன் திரும்ப லொறியில் ஏறி ஓட வேண்டும். உழைப்புக்காக மட்டுமில்லை. நான் கலியாணம் கட்டிய ஆள், சந்தி திரும்பும்போதே ஹோர்ன் அடித்து எனக்குத் தேத்தண்ணி வைக்கச் சொல்லுகிற ஆள். வீட்டுக்குள் ஓசைப்படாமல் நடந்து திரிகிற இந்த ஆளை எனக்கு யாரென்றே தெரியவில்லை. பயந்துவிட்டேன், உண்மையைச் சொன்னால். பயத்தை எல்லாம் நான் ஏச்சாகத்தான் வெளியே விடுவேன். அது என் சுபாவம்.

ஏச்சு வாங்கிக்கொண்டே அவர் விளையாடினார். விளையாட்டையாவது ஒழுங்காக விளையாடினாரா? அதுவும் இல்லை. தொடக்கத்திலேயே லொறியில் பூட்டிக் கொடுத்திருந்த துவக்கை முதல் ஊரிலேயே கழற்றி விற்றுவிட்டு, அதற்குப் பதிலாகப் பெரிய பெட்டி ஒன்றைப் பின்னால் பூட்டிக்கொண்டார். அந்தக் கேமில் ஒரு ஊரில் விறகு வாங்கி இன்னொரு ஊரில் விற்கலாம் போலிருக்கிறது. அது சும்மா பக்கத்து வேலை. எங்கள் ஆள் அதையே தொழிலாக எடுத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஐஸ் லொறி ஓடுகிற ஒருவர் இருந்தார். கடல் பூட்டிக் கிடந்ததால் அவருக்கும் வேலையில்லை. தினமும் வந்து இவருக்குப் பின்னால் ஸ்ரூலைப் போட்டுக்கொண்டு இருப்பார். எனக்கு ஒரு ஆளுக்குப் பதிலாக இரண்டு ஆள். இரண்டு பிளேன்ரீ. அவருக்கும் இது பொறுக்கவில்லை.

"மச்சான், துவக்கைப் பூட்டடா. சண்டைக் கேமில விறகு ஏத்துறவன் நீ ஒருத்தன்தான்."

"துவக்கோட போனால் ஆர் மறிக்காமல் விடுவான்? எந்தச் சென்றியால போறது?" என்றார் இவர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரியும், உண்மையாகவே கேட்டார்.

எதிரே வாகனம் வந்தால் ஓரம் கட்டுவார். அது வந்து இடித்துச் சுட்டுத் தள்ளும். எங்கேயாவது தடை கண்டால் தூரத்திலேயே வேகத்தைக் குறைப்பார். சந்தியில் ஒருவனும் இல்லாவிட்டாலும் நின்று பார்த்துத்தான் திரும்புவார். லொறி வெடித்துச் சிதறும். திரை சிவப்பாகும். ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்ப முதலில் இருந்து தொடங்குவார். பார்த்துக்கொண்டு நின்று நின்று எனக்கு நெஞ்சு வலி வந்துவிடும் போலிருந்தது. ஒரு நாள் என்னையும் மறந்து, "அடியுங்கோவன் அவனுக்கு! என்ன பார்த்துக்கொண்டு இருக்கிறியள்!" என்று கத்தினேன். ஐஸ் லொறிக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். கையில் அகப்பையோடு நான் நின்றேன்.

எப்படியோ விறகும் தகரமும் ஏற்றி இறக்கி, அடி வாங்கி வாங்கி, இவர் ஒரு பாலத்தடிக்கு வந்து சேர்ந்தார். இரும்புப் பாலம். இந்தப் பக்கம் இருக்கிற ஊர்களுக்கும் அந்தப் பக்கத்துக்கும் அது ஒன்றுதான் வழி. பாலத்துக்கு முன்னால் இரண்டு காவல் கோபுரம், நடுவில் குறுக்குத் தடை. அதில் போய் நின்றுவிட்டார். நின்றுவிட்டார் என்றால் கிழமைக்கணக்காக. ஒவ்வொரு நாளும் கிட்டப் போவார், நிற்பாட்டுவார், கோபுரத்தில் இருந்து சுடுவார்கள், வெடிக்கும். திரும்பவும் கிட்டப் போவார்.

அதற்குள் என் கீபோட்டையும் பழுதாக்கத் தொடங்கிவிட்டார். தடைக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு எழுத்து விடாமல் அமத்துவார். சுட்டு வெடித்த பிறகு, அடுத்த தரம் அடுத்த எழுத்து. 'ழ' எழுத்து ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு விழாமல் இருந்தது. 'ழ' இல்லாமல் நான் எப்படித் தமிழ் வினாத்தாள் அடிப்பது?

"என்ன செய்யிறியள்? அது என்ரை பிழைப்பு. உடைச்சுப் போடாதேங்கோ!"

அவர் திரும்பாமல் சொன்னார்:

"முன் லைற்றை நிப்பாட்டிப் பார்த்தன், சுடுறான். போட்டுப் பார்த்தன், சுடுறான். உள்ளுக்குள்ள லைற் போடுறதுக்கு ஒரு பட்டனும் இல்லையப்பா. எல்லாத்தையும் அமத்திப் பார்த்திட்டன்."

 அடுப்படிக்குப் போய்விட்டேன். கொதித்துக்கொண்டிருந்த குழம்பைச் சும்மா கிளறிக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது, அதோடு அவருக்கு இரண்டு அடி போட வேண்டும் போலவும் வந்தது. கடைசியில் இரண்டையும் செய்யவில்லை. பிளேன்ரீ ஊற்றிக்கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, இவர் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து ஐஸ் லொறிக்காரர் கதிரையில் ஏறி இருந்தார். கேமில் விறகு விற்றுச் சேர்த்த காசு எல்லாவற்றையும் கொட்டி, லொறியின் முன்னாலும் மேலேயும் துவக்காகப் பூட்டினார். பாலத்தடிக்குப் போனார். கோபுரம் இரண்டையும் அடித்துப் புகையாக்கினார். தடையை இடித்துக்கொண்டு பாலத்தில் ஏறி அந்தப் பக்கம் போய் நின்று, "மச்சான், வா! வந்து பார்! தாண்டியாச்சு!" என்று கூக்காட்டினார்.

இவர் ஈரத் துவாயோடு வந்து பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். ஒரு மாதிரி வெளுத்துப்போனார்.

"சுட்டுப்போட்டுப் போட்டாய். சரி. திரும்பி எப்பிடி வாறது?"

"ஏன் திரும்பி வரவேணும்?"

"வீடு இஞ்சதானே கிடக்கு. வரேக்கையும் இந்தப் பாலத்தாலதானே வரவேணும்? சுட்டவனை நாளைக்கு விடுவாங்களோ?"

 கேமில் ஒருவரும் திரும்பி வருவதில்லை என்று நினைக்கிறேன். முன்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். தீவில் பிறந்து, ஒரே ஒரு பாலத்தால் போய் வந்த ஆளுக்கு அது விளங்கவில்லை. கதிரையில் இருந்து ஐஸ் லொறிக்காரரை எழுப்பிவிட்டு, கேமில் முன்பு சேவ் பண்ணிவைத்திருந்த பழைய இடத்தையே திரும்பத் திறந்தார். துவக்கில்லாத லொறி, பெட்டி நிறைய விறகோடு, பாலத்தின் இந்தப் பக்கம் நின்றது.

தவணைப் பரீட்சை நெருங்கி வந்தது. வினாத்தாள்கள் பாதி அடித்தபடி கிடந்தன. மூன்று நாளாக ஒழுங்காகக் கரண்ட் இல்லை. ஒரு நாள் மத்தியானம் போல ஃபான் சுற்றத் தொடங்கியது. நான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தேன். ஆள் ஏற்கெனவே கதிரையில்.

"எழும்புங்கோ. எனக்கு வேலை கிடக்கு."

"கொஞ்சம் பொறு. பாலத்தடிக்கு வந்திட்டன்."

என்னுடைய பொறுமை அந்தச் சொல்லோடு முடிந்தது. எத்தனை நாளாய்ப் பாலத்தடி! நான் ஒன்றும் பேசவில்லை. அதுதான் ஆபத்து என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாதா படத்துக்குக் கீழே ஆணியில் லொறியை ஸ்ராட் பண்ணுகிற திறப்பு தொங்கியது. எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். லொறியில் ஏறினேன். வீட்டில் போடுகிற கவுன், ஒரு காலில்தான் செருப்பு. மற்றது படியில் கழன்று விழுந்துவிட்டது.

"நீங்கள் ஓடாட்டி நான் ஓடுறன்!" என்று யன்னல் பக்கமாகக் கத்தினேன்.

லொறி ஓட எனக்கு என்ன தெரியும்? சனிக்கிழமைகளில் அவர் திறப்பைத் திருப்புவதைப் பார்த்திருக்கிறேன். கேமில் அம்புக்குறியை அமத்தினால் லொறி போவதைப் பார்த்திருக்கிறேன். கியரில் விட்டுக் கிடக்கிற லொறியைக் கிளச்சை மிதிக்காமல் ஸ்ராட் செய்தால் என்னவாகும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. திறப்பைத் திருப்பினேன். லொறி ஒரு உறுமலோடு முன்னால் பாய்ந்தது. சில்லுக்கு வைத்த கல்லில் ஏறி இறங்கியது. கீழே படுத்திருந்த கழுதை கத்திக்கொண்டு ஓடியது. எனக்கு முன்னால் ஓலை வேலி வந்தது. பிறகு ஓலை வேலி இல்லை. லொறி வீட்டுக்கு முன்னால் போகிற ஒழுங்கைக்குள் இறங்கி, நடந்துபோகிறவனின் வேகத்தில், தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது. நான் ஸ்ரியறிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினேன்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மேலுக்குச் சேட்டும் இல்லாமல் அவர் ஓடி வந்தார். மிதிபலகையில் பாய்ந்து ஏறிக் கதவைத் திறந்தார்.

"தள்ளு! அங்கால தள்ளு, விசர் மனுசி!"

தள்ளினேன். அவர் ஸ்ரியறிங்குக்கு முன்னால் வந்தார். கால் தானாகக் கிளச்சுக்குப் போனது. இரண்டாவது கியருக்கு மாற்றினார். எஞ்சினின் சத்தம் அடங்கி ஒழுங்காகியது. பத்து மாதத்துக்குப் பிறகு அவர் ஓட்டுகிற லொறியில் நான் இருந்தேன். இருந்த இடம் என்ன இடம் என்று தும்பு முதுகில் குத்தும்போதுதான் தெரிந்தது. கொஞ்சம் கதவுப் பக்கமாக ஒதுங்கிக்கொண்டேன்.

ஒழுங்கை ஒடுக்கம், திருப்ப இடமில்லை. மெயின் ரோட்டுக்குப் போய்த்தான் திருப்ப வேண்டும். மெயின் ரோட்டுக்கு வந்தோம். அவர் திருப்பவில்லை. பட்டணப் பக்கமாக விட்டார்.

"இஞ்சாருங்கோ, எங்க போறியள்? திருப்புங்கோ."

"பிரேக் பார்க்கவேணும்."

"பார்த்தாச்சுத்தானே, திருப்புங்கோவன். வினாத்தாள் கிடக்கு."

அவர் கியரை மாற்றினார். பட்டணம் தாண்டியது. சனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்க மாட்டார்களா? சேட்டில்லாத சாரதியும் தலை கலைந்த ஒரு பெண்பிள்ளையும், முன்னால் ஓலைத் துண்டுகள் தொங்குகிற லொறியும். இரண்டு பக்கமும் தண்ணீர் தெரிந்தது. பாலத்தடிக்கு வந்துவிட்டோம் என்று கண்டபோதுதான் எனக்கு இன்னொன்று மண்டையில் உறைத்தது.

"ஐயோ, ஐசி! ஐசி கொண்டுவரேல்லை! ரெண்டு பேருடையதும் அலுமாரிக்குள்ள!"

அந்த நாட்களில் அடையாள அட்டை இல்லாமல் கிணற்றடிக்குப் போகவே யோசிப்போம். நாங்கள் சென்றிக்கு வந்திருந்தோம். திருப்பினால் சந்தேகம் வரும்; அதுவும் முடியாது. அவர் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்தார். நெற்றியில் வேர்வை ஓடியது.  பிறகு இடது கையை மேலே கொண்டுபோய், உள் லைற் சுவிச்சைத் தட்டினார்.

நடு மத்தியானம். வெயில் கண்ணைப் பறித்தது. அந்தச் சின்ன பல்ப் எங்கள் தலைக்கு மேலே மங்கலாக எரிந்தது. அது எரிகிறதா என்று அவர் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஊர்ந்துபோய், கோட்டில் நிற்பாட்டி, எஞ்சினை அணைத்து, இரண்டு கையையும் ஸ்ரியறிங்குக்கு மேலே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார்.

ஆமிக்காரன் ஒருவன் வந்தான். மீசை சரியாக முளைக்காத முகம். "ஐசி" என்றான். இவருக்கு வாய் திறக்கவில்லை.  எனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லையும் நான்தான் எடுத்துவிட வேண்டியிருந்தது.

"மஹத்தயா, ஐசி கெதர. லொறி ரிப்பெயார். டெஸ்ட், டெஸ்ட்." வீட்டில் விட்டுவிட்டோம், லொறியைச் சோதித்துப் பார்க்க வந்தோம் என்று அர்த்தம். கையால் வீட்டுப் பக்கத்தையும் காட்டினேன்.

அவன் என் கவுனைப் பார்த்தான். இவரின் வெறும் மேலைப் பார்த்தான். லொறியைச் சுற்றி நடந்தான். முன்னால் நின்று கண்ணாடியில் ஒட்டியிருந்த மாதாவைப் பார்த்தான். ஸ்ரிக்கரின் ஓரத்தால் கண்ணாடி வெடித்திருந்தது தெரியும். திரும்ப என் பக்கம் வந்து உள்ளே எட்டி, எனக்குப் பின்னால் சீற்றில் இருந்த துளையைப் பார்த்தான். கடைசியாக மேலே, எரிகிற லைற்றைப் பார்த்தான். என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியாது. அன்று சுட்டவன் இவனா என்பதும் தெரியாது. அவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

"லைட் எக்க ஓஃப் கரன்ன" என்றான், சத்தம் போடாமல். "பற்றரிய பஹினவா." லைற்றை அணையுங்கள், பற்றரி இறங்கிவிடும் என்றான். பிறகு கையால் திரும்பிப் போகச் சொல்லிக் காட்டினான். "ஹரி, யன்ன. ஐசி கொண்டு வாறது."

அவர் திருப்பினார். திரும்பி வரும் வழியில் கடலைப் பார்த்தபடி இருந்தேன். உயிர் திரும்ப வந்தவுடன் எனக்கு ஏச்சும் திரும்ப வந்துவிட்டது. லைற் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"அவனே சொல்லிப்போட்டான், பற்றரி போகப்போகுதெண்டு. நிப்பாட்டுங்கோவன்." நான் கையை மேலே நீட்டினேன்.

"விடு" என்றார். "எரியட்டும்."

கையை எடுத்துக்கொண்டேன். யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீடு வரும்வரைக்கும் அழுதேன். அவர் கண்டிருப்பார். 

வீட்டுக்கு வரும்போது கரண்ட் போய்விட்டிருந்தது. வினாத்தாள் அடிக்கவில்லை. வேலி விழுந்து கிடந்தது. கழுதை வேப்பமரத்துக்குக் கீழே வெயிலில் நின்று, தன் வீடு எங்கே போனது என்று தேடிக்கொண்டிருந்தது. இவ்வளவு கூத்துக்கும் மிச்சம் இதுதான் என்று புறுபுறுத்துக்கொண்டு நான் ஓலைகளைப் பொறுக்கினேன்.

மறுநாள் காலையில் அவர் சவரம் செய்தார். அயர்ன் பண்ணிய சேட்டைப் போட்டார். அலுமாரியைத் திறந்து ஐசியையும் லைசென்ஸையும் எடுத்துப் பையில் வைத்தார்.

"கட்டுக்கரைப் பக்கம் போறன். நெல்லுக் கிடக்காம். பின்னேரம் வந்திடுவன்."

"கிளச் பிளேற்?" என்று கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம்; என் வாய் அப்படி.

"நேற்று நீ மிதிக்காமல் எடுத்ததிலை சரியாப் போச்சு" என்றார்.

அன்றைக்கு முழு நாளும் கரண்ட் இருந்தது. கதிரை என்னுடையது. வினாத்தாள்களை எல்லாம் அடித்து முடித்தேன். இடையில் ஐஸ் லொறிக்காரர் வந்து எட்டிப் பார்த்து, கேம் இல்லை என்றவுடன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். அந்தக் கேமை அதற்குப் பிறகு ஒருவரும் திறக்கவில்லை. அந்த லொறி விறகோடு பாலத்தடியிலேயே நின்றிருக்கும்.

பின்னேரம் வந்துவிடுவேன் என்றவர் பின்னேரம் வரவில்லை. வெயில் இறங்கியது. கோயில் மணி அடித்து ஓய்ந்தது. பொழுதும் பட்டது. இப்போது அவர் பாலத்தடிக்கு வந்திருப்பார், வயர் கழன்றிருந்தால்? நேற்று நான் போட்ட ஆட்டத்தில் பல்ப் போயிருந்தால்? போகச் சொல்லிக் கரைச்சல் கொடுத்தவளே நான்தானே. வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. விழுந்த வேலியின் இடைவெளியில், ஒழுங்கைக்குக் குறுக்கே போய் நின்றேன்.

ஹோர்ன் சத்தம் ஒன்றும் வரவில்லை. மைம்மலில் ஒழுங்கை முனையில் லொறி திரும்பியது. என்னைக் கண்டதும் முன் லைற் தணிந்தது. உள் லைற் எரிந்தது. அவருடைய முகம் முழுக்க வெளிச்சமாக, கண்ணும் மூக்கும் நரைத்த மீசையும் தெரிய, லொறி ஊர்ந்து ஊர்ந்து வந்து, எனக்கு முன்னால் நின்றது. எஞ்சினை அணைத்தார். இரண்டு கையும் ஸ்ரியறிங்குக்கு மேலே இருந்தன. குறுக்கே ஒரு ஆள் நிற்பதை மட்டும்தான் அவர் கண்டிருக்கிறார்; அது நான் என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பின்னால் நெல் மூட்டைகள் இருந்தன. நான் மிதிபலகையில் ஏறி நின்று, யன்னலால் கையை உள்ளே விட்டேன். "வந்திட்டியள். இது வீடு" என்றேன். லைற்றை அணைத்தேன். இந்த முறை அவர் விடு என்று சொல்லவில்லை.